ஏழாவது மடிப்பு எங்கே போனது?

1989இல் இத்தாலியின் ஃபெராரா நகரில் காகிதம் மடிப்பவர்களும் கணிதக்காரர்களும் ஒன்றுகூடினார்கள். ஓரிகாமியை அறிவியலாகப் பேச நடந்த முதல் சர்வதேசக் கூட்டம் அது. அங்கே வந்த கட்டுரைகள் பிறகு ஒரே தொகுப்பாக அச்சாயின. அந்தத் தொகுப்பில் ஃபுமியாக்கி ஃபுஜிதா எழுதிய கட்டுரையில் ஒரு பட்டியல் இருக்கிறது: தாளில் ஒரே ஒரு நேர் மடிப்பைத் துல்லியமாகப் போட என்னென்ன வழிகள் உண்டு என்று ஆறு வழிகள். அதே தொகுப்பில் ஜாக் ஜுஸ்தான் என்ற பிரெஞ்சுக்காரரின் கட்டுரையும் இருக்கிறது. அதில் ஏழு வழிகள்.

ஒரே அட்டைக்குள் ஆறும் ஏழும் பக்கத்தில் பக்கத்தில். ஆனால் ஓரிகாமி உலகம் எடுத்துக்கொண்டது ஆறை. அடுத்த 12 வருஷம் கணித வகுப்பிலும் சரி, மடிப்புக் கூட்டங்களிலும் சரி, "ஆறு அடிப்படை மடிப்புகள்" என்பதே பேச்சு. 2001இல் ஜப்பானைச் சேர்ந்த கோஷிரோ ஹதோரி, பட்டியலில் இல்லாத ஏழாவது மடிப்பு ஒன்று இருக்கிறது என்று காட்டினார். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள், ஏழுக்கும் சேர்த்து ஃபுஜிதா, ஹதோரி இருவர் பெயரும் நிலைத்தது. அப்புறம்தான் பழைய தொகுப்பைப் புரட்டியவர்கள் ஜுஸ்தானின் ஏழாவது வழி அங்கேயே அச்சாகிக் கிடப்பதைப் பார்த்தார்கள். அதுகூட மறுபதிப்புதான், மூலக் கட்டுரை 1986இலேயே வெளிவந்துவிட்டது.

மாடல்களையும் கண்டுபிடிப்புகளையும் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வதில் நாம் எங்கே கோட்டை விடுகிறோம் என்பது இந்த நிகழ்வில் தெரிகிற அளவுக்குத் தெளிவாக எனக்கு வேறெதிலும் தெரியவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன். ஹதோரி மேல் எந்தக் குறையும் இல்லை, அவர் தானாகக் கண்டுபிடித்தார். ஃபுஜிதா மேலும் இல்லை, ஓரிகாமியைக் கணிதக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். இடையில் இருக்கிற நம்மைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அந்த ஏழும் என்னென்ன

பாதிக்கு மேல் நீங்கள் தினமும் செய்வதுதான். இரண்டு புள்ளிகள் வழியாக மடிப்பது. ஒரு புள்ளியை இன்னொரு புள்ளி மேல் வைத்து மடிப்பது. ஒரு கோட்டை இன்னொரு கோட்டின் மேல் வைப்பது. ஒரு புள்ளி வழியாக, ஒரு கோட்டுக்குச் செங்குத்தாக மடிப்பது. இந்த நான்கையும் குழந்தைகள்கூடச் சொல்லித் தராமலே செய்வார்கள். ஐந்தாவதில் ஒரு புள்ளியைக் கோட்டின் மேல் கொண்டுபோய் வைக்கிறோம், மடிப்பு இன்னொரு குறித்த புள்ளி வழியாகப் போக வேண்டும். ஆறாவதில் இரண்டு புள்ளிகளை ஒரே சமயத்தில் இரண்டு கோடுகளின் மேல் உட்கார வைக்க வேண்டும். அதுதான் ராஜா, அதற்கு வருகிறேன்.

ஏழாவதை மடித்தே பார்த்துவிடலாம். ஒரு சதுரத் தாளை எடுத்து மூலைக்கு மூலை மடித்து விரியுங்கள், இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு ஒரு மூலைவிட்டம் கிடைத்துவிட்டது. இடது ஓரத்தில் எங்காவது பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இப்போது தாளின் இடது பக்கத்தைத் தூக்கி வலது பக்கமாகக் கொண்டுவாருங்கள், ஆனால் கீழ் ஓரம் கீழ் ஓரத்தின் மேலேயே பிசகாமல் பொருந்தி இருக்க வேண்டும். அந்தப் பொருத்தம் விலகாமல் சறுக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் பென்சில் புள்ளி சரியாக மூலைவிட்டத்தின் மேல் வந்து உட்காரும். அங்கே அழுத்துங்கள். ஒரு புள்ளி ஒரு கோட்டின் மேல், மடிப்பு இன்னொரு கோட்டுக்குச் செங்குத்து. அவ்வளவுதான் ஏழாவது.

இதைச் செய்யாத மடிப்பாளர் யாராவது இருப்பார்களா? ஓரத்தை ஓரத்தோடு பிடித்துக்கொண்டு ஒரு மூலையை ஏதோ ஒரு கோடு வரை நகர்த்துவது எத்தனையோ மாடல்களில் வரும் அசைவு. கைக்குத் தெரிந்திருந்தது, பட்டியலில் மட்டும் ஏறவில்லை.

இதற்கு முன்பும் இப்படித்தான்

ஏழாவது மடிப்பை மட்டும் பார்த்தால் ஏதோ ஒருமுறை நடந்த கவனக்குறைவு என்று தோன்றும். ஆறாவதின் கதையைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

1893இல் மதராஸில் டி. சுந்தர ராவ் காகித மடிப்பால் வடிவியல் கற்பிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். அரசு உத்தியோகத்தில் இருந்தவர். பலகோணங்கள், தொடர்கள், வளைகோடுகள் என்று மடிப்பிலேயே எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டினார். ஜெர்மனியின் பெரிய கணிதர் ஃபெலிக்ஸ் கிளைன் 1895இல் தன் நூலில் அதைக் குறிப்பிட்டார். கிளைனின் நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன இருவரே பிறகு சுந்தர ராவின் நூலையும் செப்பனிட்டு 1901இல் சிகாகோவில் பதிப்பித்தார்கள். ஒரு குறிப்பு, அதைப் படித்த இரண்டு பேர், அந்த நூல் கடல் தாண்டிவிட்டது. பகிர்வு ஒழுங்காக நடந்தால் இப்படித்தான் நடக்கும்.

ஆனால் சுந்தர ராவ் ஓரிடத்தில் நின்றுவிட்டார். கோணத்தை மூன்றாகப் பிரிக்கத் தோராய வழிதான் தந்தார், கனமூலம் காண்பது மடிப்பில் ஆகாது என்கிற தொனியில் விட்டுவிட்டார். அது ஆகும் என்று 1936இல் காட்டியவர் இத்தாலியக் கணிதர் மார்கெரிதா பியாட்சொல்லா பெலோக். இரண்டு புள்ளிகளை ஒரே சமயத்தில் இரண்டு கோடுகளின் மேல் வைக்கும் அந்த ஒரு மடிப்பு முப்படிச் சமன்பாட்டையே தீர்த்துவிடும் என்று நிரூபித்தார். எடுவர்ட் லில் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் 1867இல் சொல்லியிருந்த வரைபட முறையை அவர் மடிப்போடு இணைத்த விதம் இன்றைக்கும் அழகானது. அளவுகோலும் கவராயமும் வைத்து ஆகாது என்று முடிவான கணக்கு, ஒரு துண்டுக் காகிதத்தில் ஆகிவிட்டது!

அப்புறம் என்ன நடந்தது? சத்தமே இல்லை. 1980இல் ஹிசாஷி அபே கண்டுபிடித்த, கோணத்தை மூன்று சமபாகமாக்கும் மடிப்பு வெளிவந்தது. உள்ளே இருப்பது பெலோக்கின் அதே அசைவு. 1986இல் பீட்டர் மெஸ்ஸர் கன சதுரத்தின் கன அளவை இரட்டிப்பாக்கும் பழைய கிரேக்கப் புதிரை (2இன் கனமூலம் கிடைத்தால் அது தீர்ந்துவிடும்) மடிப்பில் தீர்த்தார். அதிலும் அதே அசைவுதான். அதே 1986இல் ஜுஸ்தான் தன் ஏழையும் எழுதினார், அதில் மெஸ்ஸரின் பெயரையும் சொன்னார். 1989இல் ஃபுஜிதாவின் பட்டியலில் அது ஆறாவதாக வந்து உட்கார்ந்தது. பெலோக் பேராசிரியராக வேலை பார்த்தது எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தெரியுமா? ஃபெராராவில். அரை நூற்றாண்டு கழித்து அந்தக் கூட்டம் நடந்த அதே ஊர்.

மெஸ்ஸரின் மடிப்பைப் பேச்சோடு விட மனசில்லை, தாளை எடுங்கள். சதுரத்தைக் கிடைமட்டமாக மூன்று சமபாகமாக மடித்து விரியுங்கள், இரண்டு மடிப்புக் கோடுகள் கிடைக்கும். வலது கீழ் மூலை ஒரு புள்ளி. கீழ்க் கோடு வலது ஓரத்தைத் தொடும் இடம் இன்னொரு புள்ளி. மூலையை இடது ஓரத்தின் மேல் வையுங்கள், அதே சமயம் இரண்டாவது புள்ளி மேல்கோட்டின் மேல் உட்கார வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது நழுவும், இரண்டு கைகளும் மெதுவாக நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் இரண்டும் பொருந்தும். அழுத்துங்கள். மூலை வந்து நின்ற இடம் இடது ஓரத்தை இரண்டாகப் பிரிக்கிறது அல்லவா, மேல்துண்டைக் கீழ்த்துண்டால் வகுத்தால் சரியாக 2இன் கனமூலம். 15 சென்டிமீட்டர் தாள் என்றால் கீழே சுமார் 6.6, மேலே சுமார் 8.4 சென்டிமீட்டர் வரும். அளந்து பாருங்கள், 1.26க்குப் பக்கத்தில் வரும். நம்பிக்கை இல்லாதவர்கள் கீழ்த்துண்டை ஒரு பங்கு என்று வைத்து சமன்பாடு எழுதிப் பார்க்கலாம், பள்ளிக்கூட இயற்கணிதமே போதும்.

இதை ஒருமுறை கையால் செய்தவர் மறக்கமாட்டார். 1936இலேயே இதை ஒரு நாலு பேர் மடித்துக் காட்டியிருந்தால் 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது என்பதுதான் என் ஆதங்கம்.

ஏன் கண்ணில் படவில்லை

முதலில் எல்லோரும் சொல்லும் காரணம் மொழி. பெலோக் எழுதியது இத்தாலிய மொழியில், ஒரு கணித இதழில். ஜுஸ்தான் எழுதியது பிரெஞ்சில், ஸ்ட்ராஸ்பர்க் வட்டாரக் கணித ஆசிரியர்களின் இதழில். மடிப்பவர்கள் படிக்கும் இடத்தில் இரண்டும் இல்லை. இது நிஜமான காரணம்தான், ஆனால் முழுக் காரணமாக இருக்க முடியாது. ஃபெராரா தொகுப்பு மடிப்பவர்களுக்காகவே வந்தது, அதிலும் ஏழாவது தவறிவிட்டதே.

எனக்குப் படுவது இது. ஏழாவது மடிப்பால் புதிதாக எந்தக் கணக்கும் தீராது. முதல் ஆறை வைத்து எட்ட முடிந்த புள்ளிகளைத்தான் அதுவும் எட்டும், சமன்பாடு என்ற அளவில் அது பாவம் ரொம்ப எளியது. ஆறாவதைப் போல "ஆகாததை ஆக்கிக் காட்டும்" கவர்ச்சி அதற்கு இல்லை. கணிதக்காரருக்கு அது தேவைப்படவில்லை. மடிப்பவருக்கோ அது ஏற்கெனவே கையில் இருந்தது, பெயர் வைக்கத் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் அதைத் தேடாததால் நடுவில் விழுந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். "ஆறு" என்று எண்ணிக்கையோடு ஒரு பட்டியல் வந்துவிட்டால் மனசு அதை முடிந்துபோன பட்டியலாக எடுத்துக்கொள்கிறது. இது எல்லாமுமா, இல்லை எனக்குத் தெரிந்தவை மட்டுமா என்று கேட்பதற்கு ஆளே இல்லை. ஹதோரி செய்த பெரிய காரியம் அந்தக் கேள்வியைக் கேட்டதுதான். பிறகு அமெரிக்க மடிப்பாளர் ராபர்ட் லாங், ஒரு சமயத்தில் ஒரே ஒரு நேர் மடிப்பு என்ற வரம்புக்குள் இந்த ஏழைத் தவிர வேறு வழி இல்லை என்று நிரூபித்தார். அதன்பிறகுதான் பட்டியல் முடிந்தது என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது.

ஜுஸ்தானுக்கு இது ஒருமுறை நடந்ததும் இல்லை. ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள மடிப்புகள் தட்டையாக மடிய வேண்டுமானால் ஒன்றுவிட்டு ஒன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகை வர வேண்டும் என்ற விதியை நாம் ஜப்பானியரான கவசாகி பெயரில் சொல்கிறோம். 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலுமாக கவசாகி, ஸ்டூவர்ட் ராபர்ட்சன், ஜுஸ்தான் மூவருமே அதைத் தனித்தனியாகக் கண்டடைந்தார்கள். அதே புள்ளியில் மலை மடிப்புக்கும் (மேலே புடைப்பது) பள்ளத்தாக்கு மடிப்புக்கும் (உள்ளே குழிவது) எண்ணிக்கையில் சரியாக இரண்டு வித்தியாசம் இருக்கும் என்கிற, ஜப்பானிய மடிப்பாளர் மாயேகாவாவின் பெயரில் உள்ள விதியையும் ஜுஸ்தான் தன் வழியில் எட்டியிருந்தார். எங்கே போனாலும் அந்த மனிதர் முன்னாடியே போய் வந்திருக்கிறார், பெயர்ப் பலகையில் மட்டும் வேறொருவர். இன்றைக்குச் சிலர் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

மாடல்கள் மட்டும் எப்படிப் போய்ச் சேர்ந்தன

இதே காலத்தில் மாடல்கள் நாடு விட்டு நாடு தாராளமாகப் போய்க்கொண்டிருந்தன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காரணம் ஜப்பானிய மடிப்பாளர் அகிரா யோஷிசாவா. 1954இல் வந்த தன் நூலில் கோடுகளையும் அம்புக்குறிகளையும் வைத்து மடிப்பை எழுதும் ஒரு முறையைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே அவர் மாடல்கள் ஆம்ஸ்டர்டாமில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் சாமுவேல் ராண்ட்லெட்டும் ராபர்ட் ஹார்பினும் அந்தக் குறிகளைக் கொஞ்சம் விரிவாக்கி ஏற்றுக்கொள்ள, அதுவே உலகப் பொதுக் குறியாகிவிட்டது. ஜப்பானிய எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாமல் ஜப்பானிய மாடலை மடிக்கலாம். கணிதக் கண்டுபிடிப்பு வாக்கியத்தில் பயணம் செய்தது, வழியில் மாட்டிக்கொண்டது. மாடல் படத்தில் பயணம் செய்தது, போய்ச் சேர்ந்தது.

ஆனால் யோஷிசாவாவின் விஷயத்திலேயே ஒரு குறை இருக்கிறது. அவர் உருவாக்கிய மாடல்கள் 50,000க்கு மேல் என்பார்கள், வரைபடமாக வெளிவந்தவை சில நூறு. மற்றவை அவரோடு போய்விட்டன என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மாடலைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், வழியைப் பார்த்தவர்கள் இல்லை.

1983இல் மாயேகாவாவின் சாத்தான் மாடல் வந்தபோது இன்னொரு வகைப் பகிர்வு வலுப்பெற்றது: படிப்படியான படங்களுக்குப் பதிலாக, விரித்த தாளில் எல்லா மடிப்புக் கோடுகளையும் காட்டும் ஒரே வரைபடம், க்ரீஸ் பேட்டர்ன். வெட்டாத ஒற்றைச் சதுரத்தில் ஐந்து விரல்களோடு ஒரு உருவம் எப்படி வந்தது என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிடும். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் தோஷியுகி மெகுரோவும் அமெரிக்காவில் லாங்கும் தனித்தனியாக ஒரே யோசனைக்கு வந்தார்கள். ஒவ்வொரு காலும் கொம்பும் தாளில் ஒரு வட்டத்தைக் கேட்கும், காலின் நீளமே வட்டத்தின் ஆரம், வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சதுரத்துக்குள் அடுக்கிவிட்டால் பூச்சி தயார். இங்கேயும் இரண்டு பேர் ஒன்றையே கண்டுபிடித்தார்கள், ஆனால் யாருடையதும் புதைந்து போகவில்லை. க்ரீஸ் பேட்டர்னைப் பார்த்தாலே இன்னொரு மடிப்பாளருக்கு உள்ளே என்ன யோசனை ஓடியிருக்கிறது என்று புரிந்துவிடுகிறது. மடித்துச் சரிபார்க்கவும் முடிகிறது. ஜுஸ்தானின் ஏழாவதுக்குக் கிடைக்காதது இதுதான்.

க்ரீஸ் பேட்டர்னுக்கும் ஒரு வினை உண்டு. அதைத் தூக்கிப்போய் வேறு எதுவாகவும் பயன்படுத்தலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்லாமல் க்ரீஸ் பேட்டர்ன்களை ஓவியமாக்கிய ஓர் ஓவியர் மேல் 2011இல் ஓரிகாமிக் கலைஞர்கள் ஆறு பேர் வழக்குப் போட்டு, 2013இல் அது சமரசத்தில் முடிந்தது. பெயர் சொல்வது மரியாதைக்காக மட்டும் இல்லை என்று நான் நினைக்கிறேன். பெயர் இருந்தால்தான் ஒரு யோசனையின் தடத்தைப் பிடித்துப் பின்னால் போக முடியும். 2001இல் ஹதோரியின் ஏழாவதைக் கேட்டவர்கள் ஜுஸ்தானைத் தேடிப் போக முடிந்தது அவர் பெயரும் வருஷமும் எங்கோ அச்சில் இருந்ததால்தான்.

இப்போது பகிரும்போது

இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்டவை சில. நீங்கள் ஒரு மாடலைப் பகிர்ந்தால் முடிந்த படத்தோடு நிறுத்தாதீர்கள், அழகான புகைப்படம் ஆசையைக் கிளப்பும், வழியைக் காட்டாது. க்ரீஸ் பேட்டர்ன் போட்டால் அதைப் போடும் முன் உள்ளே இருக்கிற ஒவ்வொரு சந்திப்பிலும் மலையையும் பள்ளத்தாக்கையும் எண்ணிப் பாருங்கள், தட்டையாக மடியும் மாடலில் வித்தியாசம் இரண்டாக இல்லை என்றால் எங்கோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது, இல்லை மலையும் பள்ளத்தாக்கும் மாறிப்போயிருக்கிறது. அதைத் தேடுகிற பாவத்தை முகம் தெரியாத இன்னொருவர் தலையில் கட்டக் கூடாது. தாளின் அளவு, கனம் இரண்டையும் எழுதுங்கள். வேறொருவரின் அடிப்படை வடிவத்திலிருந்து புறப்பட்டிருந்தால் அவர் பெயரை முதல் வரியிலேயே போடுங்கள். "இது புதுசா பழசா தெரியவில்லை, இதற்கு முன் பார்த்தவர்கள் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. அந்த ஒரு வரிக்காகவே பழைய இதழ்களைப் புரட்டுகிற ஆட்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எல்லோரும் விட்டுவிடுவது முதல் புள்ளியை. க்ரீஸ் பேட்டர்னில் ஒரு கோடு ஓரத்தின் நீளத்தில் 0.4425 பங்கு தூரத்தில் தொடங்குகிறது என்றால் அந்த இடத்தை வெறும் தாளில் மடித்தே எப்படிக் கண்டுபிடிப்பது? அளவுகோல் வைத்தவர்கள் உண்டு, கண்மதிப்பில் போட்டவர்களும் உண்டு. இதற்காகவே லாங் ஒரு கணினி நிரல் எழுதினார், ரெஃபரன்ஸ்ஃபைண்டர் என்று பெயர். வேண்டிய இடத்தைச் சொன்னால் சில மடிப்புகளில் அதற்கு மிக அருகே போகும் வழியைத் தேடித் தரும். அது தேடுவது இந்த ஏழு மடிப்புகளையும் வைத்துத்தான். புதிதாக எந்தக் கணக்கையும் தீர்க்காத ஏழாவது மடிப்பு இங்கே பயனுக்கு வந்துவிடுகிறது: ஆறாவதில் இரண்டு பொருத்தங்களோடு மல்லாட வேண்டும், ஏழாவதில் ஓரத்தை ஓரத்தோடு பிடித்துச் சறுக்கினால் போதும், அதனால் கைக்கு அது சுலபம், பிழையும் குறைவு.

பட்டியல் இதோடு நிற்கவும் இல்லை. ஒரே சமயத்தில் இரண்டு மடிப்புகளைப் போட அனுமதித்தால் எத்தனை வழிகள் என்று ராஜர் ஆல்பெரினும் லாங்கும் எண்ணினார்கள், 489 வந்தது. அந்த வகையில் ஒன்றைக் கொண்டு கோணத்தை ஐந்து சமபாகமாகப் பிரிக்கவும் லாங் வழி காட்டியிருக்கிறார். காகிதத்தில் அதைக் கையால் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை, ஒரு மடிப்பைச் சரிசெய்யும்போது இன்னொன்று நகர்ந்துகொண்டே இருக்கும். இந்த 489இல் ஏதாவதொன்றை நிஜமாகவே மடித்தவர்கள் இருந்தால், முடிந்த தாளோடு சேர்த்து எந்த விரல் எதைப் பிடித்தது, எது முதலில் பொருந்தியது, எந்தத் தாள் தாங்கியது என்பதையும் எழுதுங்கள், கூடவே அந்த யோசனை யாரிடமிருந்து வந்தது என்பதையும்.